கப்பைக் கவிழ்த்துப் பார்க்கிற வியாதி

காப்பி தீர்ந்ததும் வழக்கம்போலக் கப்பைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்ததுதான் தப்பு. உள்ளே தங்கியிருந்த கொஞ்சம், மேசைமேல் விரித்து வைத்திருந்த ஊர் வரைபடத்தில் கொட்டி மணிக்கூண்டு, நூலகம், வாத்துக் குளம் எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. "ம்மா, இங்க வந்துமா?" என்றாள் மகள். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பையன், பாவம், தன் கப்பைத் தூக்கி அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

அவள் கேட்டது நியாயம்தான். பீங்கான் என்று எது கைக்கு வந்தாலும் முதலில் சுண்டிப் பார்ப்பேன். கணீரென்றால் நல்ல சாமான், தொப்பென்றால் எங்கோ விரிசல். அப்புறம் கவிழ்த்துப் பார்ப்பேன். அடியில்தான் பூச்சு படாத வளையம் ஒன்று இருக்கும். அந்த இடத்தில் மண் தன் சொந்த நிறத்தில் இருக்கும், செய்தவர் முத்திரையும் இருக்கும். விருத்தாசலத்தில் பீங்கான் படித்த அத்தனை பேருக்கும் இந்த வியாதி உண்டு. என் நாத்தனார், தான் சரியாகக் கழுவவில்லை என்று நான் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மருந்தில்லாத வியாதி என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மகள் படிக்கிற அந்த ஊர் அமெரிக்காவில்தான் இருக்கிறது என்று நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் சினிமாவில் பார்த்திருந்த அமெரிக்கா வேறு. அங்கே இருப்பது ஒரே ஒரு கடைவீதி. ஒரு சிக்னல், அதில் வந்து நிற்க வண்டிதான் இல்லை. ஊரில் பாதிப் பேர் படிக்கிற பிள்ளைகள். லீவு விட்டால் தெருவில் ஈ காக்காய் இருக்காது என்றாள். அங்கே அவள் படிப்பதும் பீங்கான்தான். நான் சொல்லிப் படிக்கவில்லை, அவளாகவே அதில் போய் விழுந்தாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை சனிக்கிழமை, பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோரை டோரத்தி என்கிற அம்மாள் ஊர் சுற்றிக்காட்ட அழைத்துப் போவார். காசு வாங்குவதில்லை. எழுபதைத் தாண்டியவர், என்னைவிட வேகமாக நடந்தார். அவர் சொல்லச் சொல்ல மகள் என் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த ஊரில் முதலில் மண்தான் இருந்ததாம். மலைச் சரிவில் நல்ல களிமண் இருப்பதைக் கண்டுபிடித்து யாரோ ஓட்டுச் சூளை போட்டார்கள். ஓடு செய்யத் தெரிந்த ஆள் வேண்டுமென்று ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். பள்ளிக்கூடம் காலேஜ் ஆனது. சூளை போய்விட்டது, காலேஜ் நிலைத்துவிட்டது. ஆனால் எந்தக் கூரையைப் பார்த்தாலும் அந்தச் சிவப்பு ஓடுதான். பேங்குக்கு, தீயணைப்பு நிலையத்துக்கு, பஸ் நிற்கிற சின்ன நிழற்குடைக்குக்கூட.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடல் தாண்டி, கண்டம் தாண்டிப் பறந்து வந்து மறுபடியும் விருத்தாசலத்திலேயே இறங்கிவிட்டேனா என்று தோன்றியது. பழைய ரயில்வே ஸ்டேஷன் என்று ஒன்றைக் காட்டினார்கள். நல்ல அழகான கட்டடம், உள்ளே ஐஸ்கிரீம் விற்கிறார்கள். ரயில் வந்து எத்தனையோ காலம் ஆகிறதாம். நாங்கள் ஜங்ஷன்காரர்கள். திருச்சிக்கு, விழுப்புரத்துக்கு, சேலத்துக்கு, கடலூருக்கு என்று நாலு பக்கமும் தண்டவாளம் போகிற ஊரில் படித்தவளுக்கு ரயில் வராத ஸ்டேஷனைப் பார்த்தால் பரிதாபம்தான் வருகிறது. ஐஸ்கிரீம் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சுற்றி முடித்து அந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்தபோதுதான் டோரத்தி கேட்டார், உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று. கேட்டிருக்கக் கூடாது. நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். மகளால் கால்வாசிதான் மொழிபெயர்க்க முடிந்தது. மீதி முக்கால்வாசியை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வாசனைதான். ஈரக் களிமண், சூளை எண்ணெய்ப் புகை, பக்கத்துத் தெருவில் வறுபடும் மணிலாக்கொட்டை, மூன்றும் கலந்த ஒரு வாசனை. காலேஜ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலைந்து கட்டடம், ஒரு கொட்டகை, உள்ளே சூளை. ஊரில் எல்லோருக்கும் அது பீங்கான் காலேஜ். சுற்றுப்பக்கத்துப் பட்டறைகளில் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் கப்பும் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் வகுப்பில் பெண்பிள்ளைகள் என்று நானும் மும்தாஜும்தான். நான் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். அவள் உள்ளூர். அவளுடைய வாப்பா துபாயில் இருந்தார், பெரியப்பா கோயில் பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்தார். வாய் என்றால் அப்படி ஒரு வாய். வாத்தியார் ஒரு கேள்வி கேட்டால் இவள் இரண்டு கேட்பாள்.

அப்பாவுக்கு என் படிப்பின்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. "மண்ணுல எறங்கி நான் பட்டது பத்தாதா, நீ வேற போயி அதயே பெசையணுமா?" என்பார். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பலாம் என்பதால்தான் விட்டார். பாதிப் படிப்பில் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வெள்ளாற்றுப் பாசனம், பம்பு செட்டு, மெத்தை வீடு. நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்பாவும் சரி என்றுவிட்டார். அவர்கள் பக்கம்தான் பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. இழுக்கட்டும், படிப்பு முடிகிறவரைக்கும் இழுக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தக் காலேஜ் வேண்டும். அவ்வளவுதான். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

ஒருநாள் அப்பா சொன்னார், சம்பந்தம் தடையில்லாமல் கூடிவர மணவாளநல்லூரில் பிராது கட்டப் போவதாகவும், வருகிற வழியில் காலேஜையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுவதாகவும். விருத்தாசலத்தை ஒட்டினாற்போல இருக்கிற மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் அது வழக்கம். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போவதுபோல, அங்கே கொளஞ்சியப்பராக இருக்கிற முருகனிடம் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். இன்ன ஊர், இன்ன பெயர், இன்ன குறை. நம் ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்கபடி சாமியின் வழிச்செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டும். சாமி வந்து விசாரிக்கும் அல்லவா? காரியம் முடிந்ததும் சும்மா இருந்துவிடக் கூடாது. திரும்பப் போய், என் காரியம் முடிந்தது என்று சொல்லிப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வாபஸ் வாங்கினார்கள் என்றால் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

மும்தாஜிடம் சொல்லி அழுதேன். அவள் அழுகிற ஜாதி இல்லை. "ஒங்கப்பாவுக்கு ஊர சுத்திக் காட்டுவோம்டி. பாத்தா புடிச்சிப்போயிடும்" என்றாள். டோரத்திக்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஒரே கைடு அவள்தான்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா மஞ்சள் பையோடு இறங்கியதும் மாமா மாமா என்று ஆரம்பித்துவிட்டாள். பழமலைநாதர் கோயில் வாசலில் நின்றுகொண்டு, இங்கே கோபுரம் ஐந்து, தேர் ஐந்து, கொடிமரம் ஐந்து, எதைக் கேட்டாலும் ஐந்துதான் என்றாள். காசியில் கிடைக்கிற புண்ணியத்தைவிட இங்கே வீசம் கூட என்றாள். கோயில் கட்டியபோது ஒரு முனிவர் வன்னி இலையைத்தான் கூலியாகக் கொடுத்தார், ஒழுங்காக வேலை செய்தவன் கையில் அது பொன்னாக மாறும், ஏய்த்தவன் கையில் இலையாகவே இருக்கும் என்று சொல்லி முடித்தாள். அப்பா ஆச்சரியப்பட்டு, உனக்கு எப்படியம்மா இதெல்லாம் தெரியும் என்று கேட்டார். "நாலு தலமொறயா கோயில் வாசல்ல கட வச்சிருக்கோம் மாமா, தெரியாம இருக்குமா?" என்றாள். அப்பா உள்ளே போய் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படியிறங்கும்போது என்னிடம் மெல்லச் சொன்னார், நமக்கெல்லாம் கொடுத்திருந்தால் இலை இலையாகத்தான் இருந்திருக்கும் என்று. நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று தைரியம் வந்தது.

அடுத்தது காலேஜ். அப்பா ஈரமண் குவியலில் ஒரு பிடி எடுத்து முகர்ந்தார், விரலிடுக்கில் தேய்த்தார். இதில் என்ன விளையும் என்று கேட்டார். கப்பு விளையும் மாமா என்றாள் மும்தாஜ். அன்றைக்கென்று சூளை பிரிக்கிற நாள். அதற்குத்தான் நான் காத்திருந்தேன். அப்பா வீட்டில் காப்பி குடிப்பது ஒரு பெரிய தம்ளரில். அதைத் தவிர வேறெதில் கொடுத்தாலும் குடித்த மாதிரியே இல்லை என்பார். அந்தத் தம்ளரை நூல் வைத்து அளந்து, அச்சாக அதே அளவில் பிடி வைத்து ஒரு கப்புச் செய்து சூளைக்குக் கொடுத்திருந்தேன். அடியில் என் பெயரின் முதல் எழுத்தை ஊசியால் கீறியிருந்தேன்.

சூளையிலிருந்து வந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. மண் சுடும்போது சுருங்கும். முதல் மாதமே சொல்லிக் கொடுத்த பாடம், பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எவ்வளவு சுருங்குமோ அதைச் சேர்த்துப் பெரிதாகச் செய்ய வேண்டும். அப்பாவுக்குச் செய்கிற அவசரத்தில் அது மட்டும் மண்டையில் ஏறவில்லை. தம்ளரில் முக்கால்வாசிகூட இல்லை. அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது என்னா, கொழந்தைக்கு மருந்து குடுக்கறதா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணி வத்தினா சுருங்கத்தானே செய்யும், கோடையில் நம் வயல் வெடிக்கவில்லையா என்றார். என் எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்பாவுக்குப் படிப்பு அதிகமில்லை, ஆனால் என் பெயர் அவர் வைத்தது. கப்பைத் துண்டில் சுற்றி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

மணவாளநல்லூருக்கு டவுன் பஸ்ஸில் போனோம். மும்தாஜ் மரத்தடியில் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டு, நான் உள்ளே போகிறபோது என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "கோர்ட்டு எல்லாருக்கும் பொதுதான். நீயும் ஒண்ணு கட்டுடி" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள். நான் அப்பாவுக்குப் பின்னால் போய் நின்று, எனக்கும் ஒரு தாள் வாங்கினேன். அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் சுவரில் தாளை வைத்து எழுதினோம். பணம் வாங்கிக்கொண்டு ரசீது போடுகிறவர் இரண்டிலும் ஊர், கதவிலக்கத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரே வூட்லேருந்து ரெண்டா?" என்று கேட்டுவிட்டு, அவரே ஒன்றும் புரியாமல் இரண்டு ரசீது கிழித்தார். இரண்டையும் அப்பா கையாலேயே அங்கேயே பிராதெல்லாம் கட்டித் தொங்குகிற முனியப்பர் சந்நிதியில் கட்டினார். என்னுடையதை முடிச்சு அவிழாமல் இறுக்கிக் கட்டினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அவர்மேல் ஏற்பட்ட பிரியத்தை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஊர் திரும்பும் முன் ஜங்ஷன் ரோட்டில் கன்னியப்பன் டீக்கடையில் உட்கார்ந்தோம். அந்தக் கடையையும் ஊரின் அதிசயங்களில் சேர்க்க வேண்டும். பட்டறைகளில் கழித்துக்கட்டிய கப்புகளை வாங்கித்தான் அவர் கடை நடத்தினார். ஒன்றில் பிடி கோணல், ஒன்றில் பூ வழிந்து தாடி வைத்திருக்கும், ஒன்று நேராக உட்காராது. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அப்பா டீயைக் குடித்து முடித்து, யோசனையாகவே கப்பைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். வேறு யாருடைய முத்திரையோ இருந்தது. அப்புறம் கேட்டார், பிராதில் என்ன எழுதினாய் என்று.

"படிப்ப முடிக்கணும்னு எழுதனேன்."

"எம்மேல எழுதலியா?"

"இல்லப்பா. ஒங்க பேரே எழுதல."

அவர் இன்னொரு டீ சொன்னார். வேறு கப்பில் வந்தது. அதையும் குடித்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தார். பஸ் வந்துவிட்டது.

அதன் பிறகு அறுவடை வந்து போனது. சேத்தியாத்தோப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டும் போனார்கள். வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, எனக்குக் கேட்கவும் பயம். ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து வெளியே வந்தால், காலேஜ் வாசலில் அப்பா நிற்கிறார். மணவாளநல்லூரிலிருந்து வருகிறேன் என்றார். நெற்றியில் விபூதி.

"பிராத வாபஸ் வாங்கிட்டு வந்துட்டேன்."

வாபஸ் என்றால் நடந்துவிட்டது என்றுதானே அர்த்தம். பக்கத்தில் மும்தாஜ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாள் குறித்துவிட்டார்களா என்று எப்படியோ கேட்டேன்.

"அதத்தான் அந்த ரசீது போடறவரும் கேட்டாரு, காரியம் முடிஞ்சிதான்னு. முடியல, நானே வாணாம்னுட்டேன்னேன்." அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரே வூட்லேருந்து ரெண்டு பிராது போனா சாமி என்னா பண்ணும், பாவம். ஒண்ண எடுத்துட்டேன். ஒன்னுது இருக்குது. முடிச்சிட்டு நீயே போயி வாங்கு."

படிப்பை முடித்தேன், நானே போய் வாபஸ் வாங்கினேன். அதே ஆள்தான் இருந்தார், முடிந்ததா என்று கேட்டார், முடிந்தது என்றேன். தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃப்யூஸ் கட்டையைச் சுண்டிப் பார்த்துப் பிரிக்கிற வேலை கிடைத்தது. எத்தனை லட்சம் சுண்டியிருப்பேனோ. கல்யாணமும் ஆயிற்று, நல்லபடியாக, நான் சரி என்று சொன்ன இடத்தில். மும்தாஜ் துபாய்க்குப் போனாள். அங்கே ஓட்டலில் கப்பைக் கவிழ்த்துப் பார்த்து மேசை விரிப்பைப் பாழாக்கியதாக இன்றைக்கும் போனில் சொல்லிச் சிரிப்பாள்.

என் வியாதி எப்படி அப்பாவுக்குத் தொற்றியது என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். தினமும் அந்த மருந்துக் கப்பில்தான் காப்பி குடித்தார். போதாது, இரண்டு தடவை ஊற்றிக் குடிப்பார். பழைய தம்ளரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால், என்னைப் பார்க்க வந்தால், எங்கே பீங்கான் கப்பைக் கொடுத்தாலும் கவிழ்த்துப் பார்ப்பார். கன்னியப்பன் கடையில் ஒரு டீயோடு எழுந்ததே இல்லை. எதற்கப்பா இரண்டாவது டீ என்று ஒருமுறை கேட்டேன். பட்டறையில் வேலை பார்க்கிற மகள் எத்தனையோ செய்திருப்பாள், ஒன்றிலாவது அவள் எழுத்து இருக்காதா என்று பார்ப்பதாகச் சொன்னார். நான் கப்புச் செய்யவில்லை, ஃப்யூஸ் கட்டை சுண்டுகிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பார்த்தார்.

இதையெல்லாம் மகள் எவ்வளவு மொழிபெயர்த்தாளோ தெரியாது. டோரத்தி தன் காப்பியை மிச்சமில்லாமல் குடித்து, கப்பைக் கவிழ்த்து என்னிடம் காட்டினார். ஒரு மாணவர் கீறிய எழுத்து இருந்தது. மண் எங்கள் மண்ணைவிடக் கொஞ்சம் சிவப்பு. அப்பாவின் கப்பு இப்போது அந்த ஊரில்தான் இருக்கிறது, மகளின் மேசையில். பென்சில் போட்டு வைத்திருக்கிறாள். அப்பா காலமானபின் அம்மா எனக்குக் கொடுத்தாள், நான் மகளுக்குக் கொடுத்தேன். இருக்கட்டும், பீங்கான் படிக்கிறவளிடம்தான் அது இருக்க வேண்டும்.

போன வாரம் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினேன். வண்டிகள் நாலு பக்கமும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. பட்டறைகளில் கொஞ்சம் மூடிவிட்டார்கள், கொஞ்சம் ஓடுகின்றன. புகை இல்லை, எல்லாம் கேஸ் அடுப்பு. மூச்சுவிட நன்றாக இருக்கிறது, அந்தப் பழைய வாசனைதான் இல்லை. ஜங்ஷன் ரோட்டில் கன்னியப்பனின் மகன் கடையை நடத்துகிறார், அவருக்கே நரைத்துவிட்டது. டீ வந்தது, காகிதக் கப்பில். எல்லாக் கப்பும் ஒரே மாதிரி. குடித்துவிட்டு, கை தானாகவே கவிழ்த்தது.

"என்னாக்கா, டீ நல்லால்லியா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றேன். அடியில் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளைக் காகிதம். அப்பா இருந்திருந்தால் இன்னொரு டீ சொல்லியிருப்பார்.